கத்தரிக்காய்மேல் ஓர் இணுக்கு

காலையில் எழுந்து காப்பிக் குவளையைக் கையில் எடுத்தவுடன், குடைவூர்வாசி ஒவ்வொருவருடைய காதிலும் ஒரு குரல் பேசத் தொடங்கும். "இக்காப்பியின் விலை எட்டுக் காசு. கொட்டைக்கு ஒன்று, பாலுக்கு இரண்டு, கொதிக்க வைத்த வெப்பத்துக்கு ஒன்று, நேற்றைய தொடரில் கதாநாயகி இதே காப்பியை இருமுறை அருந்திப் புன்னகைத்தமைக்கு மூன்று, விளைந்த கூடத்தின் வாடகைக்கு ஒன்று." அக்குரலில் பரிவும் இராது, கடுமையும் இராது. அது முடிவதற்குள் குவளை காலியாகிவிடும். அடுத்து அவர் சீப்பை எடுப்பார். சீப்பின் வரலாறு தொடங்கும்.

குடைவூர், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றிவரும் சீரிஸ் என்னும் குறுங்கோளின் பாறைக்குள் குடைந்தெடுக்கப்பட்ட ஊர். அங்கே எடை மிகக் குறைவு. ஆகவே யாவரும் காந்தச் செருப்பு அணிந்து நடப்பர். காப்பியை மூடி போட்ட குவளையில் உறிஞ்சுவர். முதன்முதலில் அங்கே குடியேறியவர்கள் பூமியில் பல வகையாலும் ஏமாந்தவர்கள். இரண்டு சட்டை வாங்கினால் மூன்றாவது இலவசம் என்று வாங்கி, மூன்றுக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறோம் என்பதை வீட்டுக்கு வந்தபின் உணர்ந்தவர்கள். கைப்பேசியில் பாட்டும் படமும் சும்மா கிடைக்கின்றன என்று மகிழ்ந்திருந்து, அவற்றின் விலை சோப்பிலும் பற்பசையிலும் ஏறியிருந்ததைப் பின்னர் அறிந்து மனம் கசந்தவர்கள். புதிய ஊரில் அந்தத் தவறு நேரலாகாது என்று அவர்கள் இயற்றிய முதற்சட்டம், ஒளிவிலாச் சட்டம். எப்பொருளின் விலையிலும் எப்பங்கும் மறைந்திருத்தல் கூடாது. கையில் எடுத்தவுடன் பொருள் தன் விலையின் உட்பிரிவுகள் அனைத்தையும் சொல்லிவிடல் வேண்டும். இதற்காகவே பிறந்த குழந்தைக்குப் பெயர் சூட்டும் முன்னரே காதோரத்தில் செவிச்சில்லு பொருத்தப்பட்டது.

திரைத்தொடர்களும் இதற்கு விலக்கல்ல. நாயகன் மழையில் நனைந்து கலங்கும் கட்டத்தில், அம்மழைக்கு நீர் தந்த கூடம் எது, அவன் சட்டைக்குப் பணம் தந்தவர் யார், அப்பணம் நாளை எந்தச் சட்டையின் விலையில் ஏறும் என்பனவற்றைச் சில்லு சொல்லும். பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்ப்பார்கள்.

இச்சட்டத்தைக் காக்கும் அலுவலர்க்கு விலைநெறியர் என்று பெயர். அந்நாளில் அப்பதவியில் இருந்தவர் அறவாழி. ஐம்பத்தெட்டு வயது, ஒல்லியான உடல், பேச்சில் அளவும் நடையில் ஒழுங்கும் உடையவர். சந்தையில் காய்கறி விற்கும் இயந்திரம், வருகிறவர்களை "வாங்க அக்கா, வாங்க அண்ணே" என்று அழைக்கும். ஊரார் அதற்குக் கறிகாய்க்காரி என்று பெயர் வைத்திருந்தனர். அவ்வாறு முறை சொல்லி அழைப்பதனால் விற்பனை கூடுகின்றது என்பதைக் கண்டறிந்து, அந்த 'அண்ணே'வுக்கு உரிய அரைக் காசும் விலைப்பிரிவில் தனியே அறிவிக்கப்படல் வேண்டும் என்று ஆணையிட்டவர் அவர்தாம். அது அவருடைய பணிக்காலத்துச் சாதனை என்று பேசப்பட்டது.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் மாலை வீட்டிலேயே ஒரு தொல்லை காத்திருந்தது.

"என்னங்க, உத்தரவு வந்துருச்சு," என்றாள் அவர் மனைவி தெய்வானை.

"எந்த உத்தரவு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. இந்தப் பருவத்துக்குள்ள இலை விக்கலைன்னா மரத்தையெல்லாம் பிடுங்கிட்டு சோயா போடணுமாம்."

தெய்வானை குடைவூரின் கறிவேப்பிலைக் கூடத்துக்குப் பொறுப்பாளி. குடியேறியவர்கள் விதையாகக் கொண்டுவந்த மரங்கள் அங்கே வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு விளக்கு. வேரடியில் ஒரு நீர்க்குழல். திருமணமாகி வந்த ஆண்டிலிருந்து அவள் அவற்றை வளர்த்து வந்தாள். பாறைக்குள் கறிவேப்பிலை எளிதில் பிழைப்பதில்லை. கடைசி வரிசையின் ஓரத்து மரம் இரண்டாண்டுக் காலம் ஓர் இலைகூட விடாமல் முரண்டு பிடித்து, பிறகு அவளே சோர்ந்துபோய் விளக்கை அணைக்கப் போன வாரத்தில் துளிர்த்தது. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதை ஊரார் அம்மரங்களோடு சேர்த்துப் பேசுவதுண்டு. அவள் அப்பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நெடுங்காலம் அக்கூடத்தின் செலவை ஊர்ப் பொதுநிதி ஏற்றது. வாரந்தோறும் வீட்டுக்கு ஒரு பிடி இலை சென்றது; அதற்குப் பொதுநிதி தந்த காசைச் சில்லு சொல்லிற்று. சென்ற ஆண்டு நிதி தீர்ந்தது. இலை சந்தைக்கு வந்தது. சில்லு அதன் விலையை அறிவித்தது: ஒரு கொத்து மூன்று காசு.

அன்றிலிருந்து ஒரு கொத்துகூட விற்கவில்லை.

"கறிவேப்பிலைக்குமா காசு?" என்று கேட்டது ஊர். கேட்டவர்களுள் ஒருவரும் பூமியைக் கண்டவரல்லர்; காய் வாங்கினால் கறிவேப்பிலையைக் கொசுறாக மேலே போடும் கடையை அவர்களுடைய பாட்டன்மார் பார்த்திருக்கக்கூடும். எனினும் அந்த மானக்குறைவு மட்டும் தலைமுறை தவறாமல் வந்து சேர்ந்திருந்தது. சாம்பாரில் மணமில்லை என்று குறைபட்டுக்கொண்டே உண்டார்கள். மூன்று காசு எடுத்து வைக்க மட்டும் எவர்க்கும் கை வரவில்லை. அவ்வீடுகளிலேயே, திரைநாயகன் மின்வேந்தனின் உருவம் பொறித்த காந்தச் செருப்பு ஆளுக்கு இரண்டு சோடி இருந்தது.

"திட்டமூளை கணக்குப் பாத்துத்தானே சொல்லும், தெய்வானை," என்றார் அறவாழி. ஊரின் ஒளியையும் நீரையும் பங்கிடும் பேரியந்திரத்துக்கே திட்டமூளை என்று பெயர்.

"அது கணக்குப் பாக்கும். நீங்க என்ன பாக்கப் போறீங்க?"

"ஏதாவது செய்யலாம்."

"செய்யுங்க. செடியப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஜனங்களப் பத்தியாவது தெரியுதான்னு பாப்போம்."

அறவாழி முயன்றார். விளக்குகளின் ஒளியைச் சிறிது குறைக்கச் செய்து, கொத்தின் விலையை இரண்டு காசாக்கினார். அண்டை வீட்டு மரகதம் சந்தையில் அதைக் கையில் எடுத்து, சில்லு சொன்னதைக் கேட்டுவிட்டுக் கீழே வைத்தாள். "விலை குறைஞ்சிருக்குன்னா இலையில ஏதோ கோளாறு," என்று அவள் சொன்னது மாலைக்குள் ஊர் முழுவதும் பரவிற்று. ஒளியும் விலையும் பழைய அளவுக்கே திரும்பின.

பிறகு மின்வேந்தனை நாடினார். மின்வேந்தன் மனிதன் அல்லன். கணிப்பொறி வரைந்த நாயகன். அவன் வாயசைத்தால் ஊர் வாயசைக்கும். நாயகியின் கூந்தலைக் கறிவேப்பிலைக் காட்டுக்கு ஒப்பிட்டு அவன் பாடும் பாட்டொன்று ஏற்பாடாயிற்று. பாட்டு மிகப் பெரிய வெற்றி பெற்றது. ஆனால் அவ்வரி வரும்போதெல்லாம் சில்லு, "இவ்வரிக்குப் பணம் தந்தது கறிவேப்பிலைக் கூடம், இச்செலவு இலையின் விலையில் ஏறும்," என்று சட்டப்படி சொல்லிற்று. அவ்வாறே ஏறியும் விட்டது. குழந்தைகள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, நான்கு காசாகிவிட்ட இலையைக் கடந்து சென்றனர்.

"உங்க பாட்டு நல்லாத்தான் இருக்கு," என்றாள் தெய்வானை. "மரத்துக்கெல்லாம் போட்டுக் காட்டறேன். பிடுங்கறப்ப பாடிக்கிட்டே போகட்டும்."

பாட்டு நிறுத்தப்பட்டதும் இலை மூன்று காசுக்கே திரும்பிற்று. அதற்குப் பிறகு அவள் அப்பேச்சை எடுக்கவில்லை. அறவாழியும் தம்மால் ஆனதைச் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டார்.

சில நாள்கள் சென்றன. அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினார். காயைப் பையில் இட்ட கறிகாய்க்காரி, பக்கத்துக் கூடையிலிருந்து ஓர் இணுக்குக் கறிவேப்பிலையை எடுத்து மேலே விட்டது. எடை குறைந்த ஊராதலின், இணுக்கு ஆடி ஆடி மெல்ல இறங்கிக் கத்தரிக்காயின்மேல் அமர்ந்தது.

"இது நான் கேக்கலையே," என்றார் அறவாழி.

"இருக்கட்டும் அண்ணே," என்றது இயந்திரம்.

இணுக்கை எடுத்துப் பார்த்தார். செவிச்சில்லு ஒன்றும் சொல்லவில்லை. விலையில்லாத பொருளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? பிறந்தது முதல் கைபட்ட பொருளெல்லாம் காதில் பேசிய மனிதருக்கு, பேசாத பொருள் ஒன்று முதன்முறையாகக் கைக்கு வந்தது. அந்த மௌனம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்கு வரும் வரையில் அவர் பையைத் தொங்கவிடாமல் மார்போடு அணைத்தே நடந்தார்.

"கறிகாய்க்காரி எனக்குக் கறிவேப்பிலை சும்மா போட்டா," என்று மனைவியிடம் சொன்னார். "பதவிக்கு ஒரு மரியாதை போலிருக்கு."

"அப்படியா," என்றாள் தெய்வானை. இணுக்கை உருவித் தாளிப்பில் போட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் கத்தரிக்காய் அடிக்கடி சமைக்கப்பட்டது.

இவ்வாறு ஒரு மாதத்துக்கு மேல் கழிந்தபின், அறவாழியின் அலுவலகத்துக்கு ஒரு முறையீடு வந்தது. முறையிட்டவர் சுரங்கப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற குழந்தைவேலு என்பவர். நேரிலேயே வந்து நின்றார்.

"அய்யா, அந்த மெசினு ஆளுக்கு ஒரு நியாயம் பாக்குது. அடுத்த வீட்டு மரகதத்துக்கு ரெண்டு இணுக்கு. எனக்கு ஒண்ணு. நானும் ஒரு கிலோதான் வாங்கறேன், அந்தம்மாவும் ஒரு கிலோதான் வாங்குது."

தமக்கு மட்டும் கிடைத்த மரியாதை என்று அறவாழி எண்ணியிருந்தது ஊருக்கெல்லாம் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த வருத்தம் சற்றே அடங்கியதும்தான் விலைநெறியர் என்ற முறையில் தோன்ற வேண்டிய எண்ணம் தோன்றிற்று. இலவசம் என்று ஒன்று இருக்க முடியாது. கைக்கு வந்த இணுக்கு ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு விளக்கு எரிந்திருக்கிறது. அவ்விளக்குக்கு எவரோ கொடுத்திருக்கிறார், அல்லது திருடியிருக்கிறார்.

நேரே கறிவேப்பிலைக் கூடத்துக்குச் சென்றார். மரங்கள் மொட்டையாகவும் அரைமொட்டையாகவும் நின்றன. தெய்வானை கத்தரியும் கூடையுமாக ஏணியின்மேல் இருந்தாள்.

"தெய்வானை, இந்த இலைக்கு யார் காசு குடுக்கறது?"

"வாங்கறவங்க."

"வாங்கறவங்களுக்குச் சும்மா இல்ல போடறீங்க? பொது ஒளியத் திருடி ஊருக்கு வாரி விடறதுன்னா, அதுக்குப் பேர் வேற. நானே விசாரிக்க வேண்டி வரும். என் வீட்டுக்காரின்னு பாக்க முடியாது."

தெய்வானை ஏணியிலிருந்து இறங்கினாள். சுவரோரம் இருந்த தன் பையிலிருந்து ஒரு கத்தரிக்காயை எடுத்து அவர் கையில் வைத்தாள். "பேசாம கேளுங்க," என்றாள்.

சில்லு பேசிற்று. "கத்தரிக்காய், கிலோ பன்னிரண்டு காசு. ஒளிக்கு நான்கு; நீருக்கு இரண்டு; காற்றுக்கு ஒன்று; கூட வாடகைக்கு ஒன்று; 'அண்ணே' என்று அழைத்தமைக்கு அரை; இயந்திரத் தேய்மானத்துக்கு அரை; உடன் வழங்கப்படும் கறிவேப்பிலைக்கு மூன்று."

அறவாழி காயைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் எடுத்தார். சில்லு மீண்டும் அதையே சொன்னது.

"எப்பலேர்ந்து இதச் சொல்லுது?"

"நான் இலைய கத்தரிக்காயோட சேத்த முதல் நாள்லேர்ந்து. உங்களுக்கும் சொல்லியிருக்கு. தினமும்."

"எனக்குக் கேக்கலையே."

"யாருக்குமே கேக்கல. கத்தரிக்காய் ஒன்பதுலேர்ந்து பன்னிரண்டாச்சுன்னு எல்லாரும் பொலம்புனாங்க. எந்தக் காலத்துல பொலம்பல? பொலம்பிக்கிட்டே வாங்கிட்டுப் போனாங்க. மேல ஒரு இணுக்கு விழுந்ததும் சிரிச்சிட்டாங்க."

"அனுமதி?"

"உங்க அலுவலகத்து இயந்திரந்தான் சரிபாத்துச்சு. ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிருச்சு. இருந்தா சொல்லுங்க."

இல்லை. ஒளிவிலாச் சட்டத்தின் ஓர் எழுத்துகூட மீறப்படவில்லை. எனினும் அறவாழிக்கு மனம் ஆறவில்லை. திருட்டாக இருந்திருந்தால் தண்டித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். அனைத்தையும் சொல்லிவிட்டே மக்களை ஏமாற்ற முடியும் என்றால், நூறாண்டுக் காலமாக இந்த ஊர் காதில் சில்லு வைத்துக்கொண்டு என்ன கண்டது?

"ஜனங்களுக்குத் தெரியல, தெய்வானை."

"சொல்லியாச்சு."

"தெரிஞ்சா இப்படி வாங்க மாட்டாங்க."

"வாங்குவாங்க."

"மாட்டாங்க. நான் நிரூபிக்கறேன்."

மறுநாள் திட்டமூளையின் முன்பு சென்று நின்றார். அதற்கு முகம் இல்லை. சுவரில் ஒரு துளையும், அதிலிருந்து வரும் குரலுமே உண்டு.

"மக்கள் பன்னிரண்டு காசு தருகின்றனர், இலையைப் பெறுகின்றனர், கூடம் தன் செலவை ஈட்டுகின்றது. குறை யாது?" என்றது அது.

"தெரிந்து தருகிறார்களா என்பதுதான் குறை."

"தெரிவிக்கப்பட்டுள்ளது."

"ஒரு வாரம் எனக்குத் தாருங்கள். இரண்டு கடைகள் போடுவோம். ஒன்றில் கத்தரிக்காய் ஒன்பது காசு. இலை வேண்டுவோர்க்குத் தனியே மூன்று காசு. மற்றொன்றில் இலை கொசுறு. காய்க்குப் பன்னிரண்டும் வேண்டாம், பதின்மூன்றாகவே வையுங்கள். ஒரு காசு கூடுதல் என்று குழந்தைக்கும் விளங்கும். நானே நின்று எடுத்துச் சொல்கிறேன். எக்கடைக்கு மக்கள் வருகிறார்களோ அக்கடையே நிலைக்கட்டும்."

"உமது கடை நிலைத்து, அதில் இலை விற்பனையாகாவிடின்?"

அறவாழி ஒரு கணம் தயங்கினார். "பழைய உத்தரவுப்படி செய்யுங்கள்," என்றார்.

திட்டமூளை இசைந்தது.

அன்றிரவு உணவின்போது செய்தியைச் சொன்னார். தெய்வானை பரிமாறுவதை நிறுத்தினாள்.

"உங்க கடைக்கு வந்து ஒன்பது காசுக்குக் காய வாங்கிட்டு, இலை வேண்டாம்னு போயிட்டாங்கன்னா?"

"அது அவங்க தெரிஞ்சு எடுத்த முடிவு."

"என் மரத்தப் பணயம் வெச்சு உங்க வாதத்த ஜெயிக்கப் பாக்கறீங்க."

"உண்மையில நிக்காத மரம் நிக்க வேண்டாம்."

அவ்வாரம் முழுவதும் தெய்வானை அவரோடு பேசவில்லை. வேளை தவறாமல் உணவு வந்தது; எதிலும் கறிவேப்பிலை இல்லை. அவரும் அதைக் கேட்கத் துணியவில்லை.

சந்தையின் நடுவே இரண்டு கடைகள் எதிரெதிராக அமைந்தன. ஒன்றில் கறிகாய்க்காரி, மற்றொன்றில் விலைநெறியரே நின்றார். முதல் வாடிக்கையாளராக வந்தவள் மரகதம்.

"என்ன அண்ணே, வேலைய விட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. காய் ஒன்பது காசு. பாரு."

"ஒன்பதா? ஏன் அவ்வளவு மலிவு?"

"மலிவில்ல. இதுதான் விலை. எதிர்க்கடையில பதிமூணு. அதுல நாலு காசு கறிவேப்பிலைக்கு. இங்க இலை வேணும்னா மூணு."

"இலைக்குக் காசு கேக்கறீங்களா?"

"அங்கயும் காசுதான்."

"அங்க சும்மா போடறாங்களே."

"சும்மா இல்லம்மா. கத்தரிக்காயில ஏத்தியிருக்காங்க."

"அது கத்தரிக்காய் வெல," என்றாள் மரகதம் பொறுமையாக, விளங்காத குழந்தைக்கு விளக்குகிறவள் போல. "கத்தரிக்காய் என்னைக்கு மலிவா இருந்துச்சு?" எதிர்க்கடைக்குப் போனாள். பையின்மேல் விழுந்த இணுக்கை எடுத்து முகர்ந்துகொண்டே திரும்பி வந்தாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. நாளைக்கு உங்ககிட்ட தக்காளி வாங்கறேன்."

நண்பகலில் குழந்தைவேலு வந்தார். அவர் முழுவதையும் நின்று கேட்டார். விரல் விட்டுக் கூட்டியும் பார்த்தார்.

"அய்யா, நீங்க சொல்றது சரிதான். ஒரு காசு அங்க அதிகம்."

"ஆமா."

"ஆனா உங்ககிட்ட வாங்கிட்டு வீட்டுக்குப் போயி என்ன சொல்றது? கறிவேப்பிலைக்கு மூணு காசு குடுத்துட்டு வந்தேன்னா? என் மருமக சிரிப்பா. அங்க பாருங்க, 'இன்னும் ஒண்ணு போடு'ன்னா மறுபேச்சுப் பேசாம போடுது. நான் நேத்து மூணு வாங்கினேன்."

"அதுக்கும் சேத்துத்தான் பதிமூணு வெச்சிருக்கு."

"இருக்கட்டும். கேட்டு வாங்கினது நான்தானே?"

அறவாழி முதலில் எடுத்துச் சொன்னார். பிறகு பலகையில் பெரிதாக எழுதி வைத்தார். மூன்றாம் நாள் குரலை உயர்த்தினார். அவர் சொன்னதை ஒருவரும் மறுக்கவில்லை. தலையசைத்துக் கேட்டுவிட்டு எதிரே போய் நின்றனர். ஒரே ஒருவர் மட்டும் இங்கே ஒன்பது காசுக்குக் காய் வாங்கி, அதைக் கறிகாய்க்காரியிடம் காட்டி இணுக்குக் கேட்டார். தன்னிடம் வாங்கியவர்க்கே உண்டு என்று அது பணிவாகச் சொல்லவே, திரும்பி வந்து காயைக் கொடுத்துவிட்டுக் காசைப் பெற்று, அங்கே போய்ப் பதின்மூன்றுக்கு வாங்கினார். வாரம் முடிந்தபோது எதிர்க்கடையின் வரிசை சந்தையின் வாயிலைத் தாண்டி நீண்டிருந்தது. அறவாழியின் கடையில் கத்தரிக்காய்கள் வாடிப்போயிருந்தன.

அன்று வீட்டில் சாம்பார் மணத்தது. தெய்வானை பேசவும் செய்தாள்.

"விளக்கு இன்னும் பத்து குடுக்கறாங்களாம். புதுசா ஒரு வரிசை வெக்கப் போறேன்."

"நல்லது," என்றார் அறவாழி. உண்மையாகவே அவருக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த இலைகளைப் பார்த்தவாறு நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

மரங்களைப் பற்றிய கவலை அத்தோடு தீர்ந்தது. ஆனால் திட்டமூளை ஒன்றைக் கற்றால், கற்ற இடத்திலேயே நிற்பதில்லை. அந்த வாரத்துச் சோதனையை அது பல முறை ஆராய்ந்து, மனிதர் மகிழ்ச்சியோடு செலவிடும் வழி இன்னதென்று முடிவு செய்தது. அடுத்த பருவத்தில் பாட்டுகள் இலவசமாயின. பின்னர்த் தொடர்கள், பின்னர் மின்வேந்தன் செருப்பு, பின்னர்க் காப்பி. இறுதியாக, அதுகாறும் வீட்டுக்கு வீடு அளந்து விற்கப்பட்ட காற்றும் இலவசமாயிற்று. கத்தரிக்காய் மட்டுமே விலைக்கு விற்கப்பட்டது. அதன் விலை நூறைத் தாண்டியது. ஊரார் புலம்பிக்கொண்டே வாங்கினர். வாரம் ஒரு கிலோவேனும் வாங்குவோர்க்கே மற்றவை இலவசம் என்னும் விதியையும் சில்லு தவறாமல் சொல்லிற்று.

அந்நாள்களில் பூமியிலிருந்து ஒரு வணிகர் குழு வந்தது. மரகதம் அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினாள். "எங்க ஊருல பாட்டு, படம் எதுக்குமே காசு கெடையாது," என்றாள் பெருமையோடு.

"எங்க ஊர்லயும் அப்படித்தாங்க," என்றார் வந்தவருள் ஒருவர். இருவரும் மனநிறைவோடு சிரித்துக்கொண்டனர்.

அறவாழி அவ்வாண்டே ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஓர் எண்ணம் எழுந்தது. கத்தரிக்காயின் விலைப்பிரிவு இப்போது மிக நீண்டுவிட்டது. சந்தையில் கையில் எடுத்தால் வீட்டு வாயிலை அடையும் வரை சில்லு சொல்லிக்கொண்டே வரும். ஊரில் ஒருவரேனும் அதை முழுமையாகக் கேட்க வேண்டும். அந்த ஒருவர் முன்னாள் விலைநெறியராக இருத்தலே முறை. இதை மனைவியிடமும் சொல்லிவிட்டுப் பையோடு புறப்பட்டார்.

ஒரு கிலோ வாங்கினார். மூன்று இணுக்குகள் ஆடி இறங்கின. சில்லு தொடங்கியது. ஒளி, நீர், வாடகை, காற்றில் அவருடைய வீட்டின் பங்கு, காப்பி, காப்பியை அருந்திப் புன்னகைத்தவளின் பங்கு. அவர் மனத்தை ஒருமுகப்படுத்தி, அடிமேல் அடி வைத்து நடந்தார். நேற்றைய தொடரில் நாயகன் சிந்திய கண்ணீருக்கு இரண்டு காசு. அக்கண்ணீரைத் துடைத்த துணியைத் தயாரித்தவர்க்கு ஒன்றரை. மின்வேந்தனின் அடுத்த பாட்டுக்கு முன்பணமாக நான்கு. அதுவரை ஒன்றையும் அவர் தவறவிடவில்லை.

வழியில் குழந்தைவேலு முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவருடைய பை தோளிலிருந்து தொங்கிற்று. அதன் வாயில் இலைகள் துருத்திக்கொண்டிருந்தன. அறவாழி எட்டிப் பார்த்தார். நான்கு இணுக்குகள்.

அவர் நின்றார். தம் பையைத் திறந்து பார்த்தார். பிறகு காந்தச் செருப்பு தரையில் பட்டும் படாமலும் சந்தைக்குத் திரும்பினார்.

"எனக்கு மட்டும் ஏன் கொறச்சல்?" என்று கேட்டார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே," என்றது கறிகாய்க்காரி. இரண்டு இணுக்குகளை எடுத்து மேலே விட்டது.

அவர் விரைந்து நடந்து குழந்தைவேலுவைக் கடந்தார். கடக்கும்போது பையை அவர் கண்ணில் படுமாறு அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டார். சில்லு தன் போக்கில் சொல்லிக்கொண்டே வந்தது. வீதி திரும்பும் இடத்தில், "பின்னர்க் கேட்டுப் பெற்ற இரண்டு இணுக்குகளின் விலை நாளைய கத்தரிக்காயில் சேர்க்கப்படும்," என்று கூறி முடித்தது.

தெய்வானை வாயிலிலேயே நின்றிருந்தாள்.

"முழுசாக் கேட்டீங்களா? என்னதான் சொல்லுது?"

அறவாழி பையை அவள்முன் விரித்துக் காட்டினார்.

"அஞ்சு போட்டா, தெய்வானை," என்றார்.